போறீங்களா? கொஞ்சம் இருங்க

அவர் யாரையும் வழியனுப்பி நான் பார்த்ததில்லை. விடுதியில் தங்கியவர்கள் பெட்டி கட்டும் சத்தம் கேட்டாலே மனுஷன் காணாமல் போய்விடுவார். பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பார். சாவியை வாங்கி வைப்பதும் "மறுபடி வாங்க" என்று சொல்வதும் என் வேலை. வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டி அடங்கிய பிறகுதான் மெல்ல முன்பக்கம் வந்து, "போயிட்டாங்களா?" என்பார்.

ஏலப்பாறைக்கும் பீர்மேட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு எஸ்டேட்டின் ஓரத்தில் அந்த விடுதி. ஆறு அறை, ஒரு அடுக்களை, மழை. நான் கோயம்புத்தூரை அடுத்த சித்தூர்ப் பக்கத்துக்காரி. நெல்லும் தென்னையும் பார்த்து வளர்ந்தவளை ஒரு ஜீப் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்து மலையேற்றிவிட்டார்கள். நான் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று கேள்விப்பட்டதும் விடுதியை நடத்துகிற அவரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டு, முன்மேசையில் உட்கார வைத்தார். அங்கே எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் கிடையாது. முதல் சில நாள் என் வாயில் நுழையவில்லை, பிறகு அதைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை.

வருகிறவர்களை அவர் பிடித்து வைக்கிற அழகே தனி. வண்டி கேட்டுக்குள் நுழையும் முன்பே குடையோடு குறுக்கே நிற்பார். எந்த ஊர், சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் உண்டா, எல்லாம் கேட்டு முடித்தால்தான் கேட் திறக்கும். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் அப்படித்தான். எந்த டிவிஷன், எந்த லயம், யார் வீட்டு ஆள் என்று தெரியாமல் உள்ளே விட மாட்டார்கள். தெரிந்துவிட்டால் வெளியே விட மாட்டார்கள். பால் விடாத கட்டன்சாயா குடிக்காமல் ஒருவரும் படி இறங்கக் கூடாது, குடித்து முடித்தால் இன்னொன்று வரும். நனைந்த செருப்புகளை எல்லாம் எடுத்துப் போய் அடுப்படியில் காய வைத்துவிடுவார், கேட்டால்தான் கிடைக்கும். என் வீட்டுக்காரர் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிய பிறகும் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பேசுவார். அந்தக் கை அங்கே இருக்கும்வரை வண்டியை எடுக்க முடியாது.

"அண்ணாச்சி, கைய எடுங்க. டிரிப் இருக்கு" என்பார் இவர்.

"போலாம்ல, என்ன அவசரம்? மழை விடட்டும்."

மழையே பெய்யாத நாளிலும் இதைத்தான் சொல்வார்.

எனக்கு முதலில் இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம், பனி கொஞ்சம் விலகி எதிர்ச் சரிவில் ஒரு நீளக் கட்டடம் தெரிந்தபோது அவராகவே சொன்னார்.

"அந்தா தெரியுதுல்லா, அந்த லயந்தான். எங்க வீடு கடைசி வீடு. பேக்டரியப் பூட்டுனப்பறம் ஒவ்வொரு வீடா கம்பம், தேனி, திருப்பூருன்னு கெளம்பிட்டாங்க. போறோம்னு ஒருத்தரும் சொல்லல பிள்ள. காலைல எந்திச்சுப் பாத்தா பூட்டு தொங்கும். கடைசில எங்கம்மையும் நானுந்தான். பக்கத்து வீட்டுல ஒரு இருமல் சத்தமாவது கேக்காதான்னு இருக்கும்."

இப்படிப்பட்ட மனுஷன் தானே உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

திறந்ததும் வீடியோ ஓடும். சாரல் சத்தம், அதன் மேல் அவருடைய குரல்: "வாங்க, வாங்க, உள்ள வாங்க." நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. பக்கத்தில் ஆள் தூங்கினால் எழுந்துவிடுவார்கள். அடுத்து ஒரு கட்டம் குதிக்கும். பேர், ஊர், போன் நம்பர், எத்தனை பேர், யார் சொல்லி வருகிறீர்கள். இதை எல்லாம் நிரப்பினால்தான் அறையின் படத்தைக் காட்டும். ஒன்றை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கேட்கும், எதை விட்டோம் என்று சொல்லாது. ஆனால் போன் நம்பரில் ஒரு எண் குறைந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். கட்டத்தை மூடுகிற பெருக்கல் குறி மூலையில் கடுகளவு, வெள்ளை மேல் வெள்ளை. எதைத் தொட்டாலும் புது ஜன்னல் திறக்கும், பத்துத் தொட்டால் பத்து. விடுதியின் போன் நம்பர் எங்கே என்றால் ஒரு படத்துக்குள்ளே. அந்தப் படம் எங்கள் மலைச் சிக்னலில் பாதிவரை இறங்கி நின்றுவிடும். கடைசியில், தலைவலி வந்து மூடப் போனால், அவரே கை கூப்பி நிற்கிற படம் திரை முழுக்க வரும். கீழே பெரிய எழுத்தில்: "போறீங்களா? கொஞ்சம் இருங்க."

வீட்டில் அதை இவருக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன். "அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குள்ளயும் ஜன்னல்ல கையப் போட்டுட்டாரே" என்றார் இவர்.

என் சிரிப்பு நின்றது வழி சொல்லும் பக்கத்தில்தான்.

மெயின் ரோட்டிலிருந்து விடுதிக்கு இரண்டு வழி. ஒன்று பேக்டரியைச் சுற்றி வருகிற புது ரோடு. இன்னொன்று குறுக்கு வழி, ஓடையைச் சப்பாத்து மேல் கடந்து வருவது. சப்பாத்தைப் பாலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகக் காங்கிரீட் போட்டு வைத்திருப்பார்கள், கைப்பிடி இருக்காது. வெயில் காலத்தில் தண்ணீர் அதன் அடியில் குழாய் வழியாகப் போகும். மழைக்காலத்தில் மேலே போகும். மேல்மலையில் பெய்தால் போதும், நாம் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது, தண்ணீர் வந்துவிடும். எங்கள் ஊர் வாய்க்காலில் மடையைத் திறந்தால் தண்ணீர் வரும், அடைத்தால் நிற்கும். சொல்லாமல் வருகிற தண்ணீரை நான் மலையில்தான் பார்த்தேன், பார்த்த நாளிலிருந்து பயந்தேன்.

அவர் மேப்பில் போட்டிருந்த கோடு சப்பாத்து வழியாகத்தான் வந்தது. அதற்குக் கீழே எழுத்தில் வழி வேறு: பதினாலாம் நம்பர் காடு தாண்டி, பழைய ஸ்டோர் தாண்டி, இடப்பக்கம். எஸ்டேட்டில் தேயிலைத் தோட்டத்துக்கு நம்பர் உண்டு, அதை நம்பர் காடு என்பார்கள். அது கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய ஸ்டோர் இடிந்து அதன் மேல் செடி முளைத்துக் கிடந்தது.

"ஏனுங்க அண்ணாச்சி, சப்பாத்து வழிய எதுக்குங்க போட்டிருக்கறீங்க? மழையில தண்ணி வந்துருமல்லங்க?"

"அதான் கீழ எழுதியிருக்கேம்லா. பாரு."

குனிந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. படிப்பதற்குள் ஓடிப் போய்விட்டது. மறுபடி வரட்டும் என்று காத்திருந்தால், வந்த நேரம் பார்த்துக் கட்டம் குதித்து அதை மறைத்தது. ரொம்பப் பாடுபட்டுத்தான் படித்தேன்: மழைக்காலத்தில் சப்பாத்து வழியைத் தவிர்க்கவும்.

"இதெ மேல போடோணுங்க. பெருசா, செவப்புல."

"பெருசாப் போட்டா பயந்துட்டு வர மாட்டாங்க பிள்ள. அந்த வழிதான் அழகு. ஓடையப் பாத்துட்டே வரலாம்."

"எங்களோடு பேச" என்று இன்னொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு சேதி எழுதச் சொல்லும். எழுதி அனுப்பினால், "நன்றி. உடனே பதில் வரும். இந்தப் பக்கத்தை மூடாமல் காத்திருங்கள். மூடினால் உங்கள் முறை போய்விடும்" என்று சொல்லும். அந்தச் சேதி எல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"என் பழைய போனுக்கு."

"அது எங்கீங்க?"

"தொட்டிக்குள்ள விழுந்துட்டுல்லா."

அப்போதுதான் அவர் அடிக்கடி தொட்டிக்குள் தலையை விடுவதன் காரணம் புரிந்தது. அதையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இருக்கட்டும், நாலு வார்த்த எழுதுனா அவங்களுக்கு ஒரு ஆறுதல்" என்றார்.

மழை தொடங்கிய நாட்களில் பைக்கில் ஒரு புது ஜோடி வந்தது. இருவருக்கும் முழங்கால்வரை சேறு. அந்தப் பெண்ணின் ஒரு செருப்பை ஓடை கொண்டுபோய்விட்டது. அவள் அதை ஒரு வேடிக்கை மாதிரிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணாச்சியும் சிரித்து, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார், கட்டன் போடச் சொன்னார். நான் அவள் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல், வர வேண்டிய வண்டி வரத் தாமதமானால் எனக்கு இருப்பு கொள்ளாது. கணக்கு எழுத வராது, சோறு இறங்காது. கேட்டருகே போய் ஓடைச் சத்தம் பெரிதாகிறதா என்று காது கொடுப்பேன்.

அவருக்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது. அவர் கவனம் முழுக்கப் பச்சைப் புள்ளியில் இருக்கும். வெப்சைட்டை இப்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பச்சைப் புள்ளி எரியும், எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கம் என்று காட்டும். போய்விட்டால் அணைந்துவிடும். மற்றவர்கள் சீரியல் பார்க்கிறது போல அவர் அதைப் பார்ப்பார். புள்ளி நெடுநேரம் எரிந்தால் முகம் மலர்ந்துவிடும்.

"ஒரு ஆளு எர்ணாகுளத்துல இருந்து வந்து இன்னும் போகல பாரு. நம்ம பக்கத்த விட மனசில்ல அவருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு வெளிய போக வழி தேடறாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குக் கட்டன் வரவில்லை. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வந்தவர்கள் போய்விடுவார்களோ என்று அவருக்குப் பயம், வருகிறவர்கள் வந்து சேர மாட்டார்களோ என்று எனக்குப் பயம். ஒரே மேசைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வர வேண்டும், கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லி வெப்சைட்டில் அறை போட்டிருந்தார்கள். டீ நேரமும் தாண்டியது, ஆள் இல்லை. கொடுத்திருந்த நம்பரைப் போட்டேன். போகவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு எண் குறைகிறது. எந்த எண் என்று எந்தச் சாமியைக் கேட்பது?

எங்கள் முற்றத்தில் சும்மா சாரல்தான். மேல்மலை மட்டும் கரிச்சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. கேட்டருகே போய் நின்றேன். ஓடைச் சத்தம் காலையில் கேட்டதுபோல் இல்லை, அதற்குள் கல் உருளுகிற சத்தமும் சேர்ந்திருந்தது.

"ஏ பிள்ள, இங்க வாயேன்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். குரலில் அத்தனை பூரிப்பு. "ஒரு ஆளு அப்பப் புடிச்சு நம்ம பக்கத்துலயே கெடக்காரு. போறாரு, ஒடனே திரும்பி வாராரு, போறாரு, வாராரு. நீ என்னமோ சொன்னியே. இப்ப பாரு."

பாரு என்று நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்திலேயே கட்டன் எடுத்துவர அடுக்களைக்குப் போனார்.

பார்த்தேன். பச்சைப் புள்ளி அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அறைப் படங்கள் இல்லை, வழி சொல்லும் பக்கம். ஊர் எது என்று பார்த்தேன். சென்னை இல்லை, எர்ணாகுளம் இல்லை. பீர்மேடு என்று காட்டியது.

இந்த மலைக்குள்ளே உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வழி பார்க்கிறவர்கள் வேறு யாராக இருக்க முடியும்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி! அவங்க சும்மா பாக்கறவங்க இல்லீங்க. வந்துட்டு இருக்கறவங்க. சப்பாத்துக்கு அக்கட்டால நிக்கறாங்க."

அவர் இரண்டு கையிலும் கிளாஸோடு வாசலில் நின்றார். புள்ளியைப் பார்த்தார். "அப்ப... இவ்வளவு நேரமும் அவங்களா?" என்றார்.

நல்லவேளை, என் வீட்டுக்காரர் ஜீப்போடு முற்றத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "இந்தப் பக்கமாப் போயி ஒண்ணும் செய்ய ஒக்காது, தண்ணி குறுக்க நிக்கும். பேக்டரி ரோடு சுத்தித்தான் அந்தக் கரைக்குப் போணும்" என்று கிளம்பினார். சுற்றிப் போக எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் ஓடை என்ன செய்யும் என்றும் தெரியும்.

அவர்களுடைய நம்பர் எங்களிடம் இல்லை. எங்களுடைய நம்பர் இறங்காத ஒரு படத்துக்குள் இருக்கிறது. கத்தினால் கேட்காது. அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிச்சயமாக இருப்பது ஒன்றே ஒன்று, அந்தப் பாழாய்ப்போன பக்கம்.

"அண்ணாச்சி, இதெல்லாத்தையும் எடுங்க. வீடியோ, கட்டம், உங்க படம், எல்லாம். வெறும் எழுத்துல நாம சொல்றத மட்டும் போடலாம். அவங்க திரும்பத் திரும்பத் தெறக்கறாங்க, அடுத்த வாட்டி தெறந்தா படிப்பாங்க."

பாஸ்வேர்டு அவர் விரலுக்குத்தான் தெரியும். உட்கார்ந்தார். இரண்டு முறை தப்பாக அடித்தார். உள்ளே போனதும் நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தார். வாங்க வாங்க என்ற குரல் போயிற்று. கட்டம் போயிற்று. ஓடுகிற வரி போயிற்று. கை கூப்பிய படத்தில் வந்து ஒரு நொடி நின்றார். பிறகு அதையும் அழித்தார். நான் குறுக்கே கையை நீட்டி, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் அடித்தேன்:

"தண்ணீர் வருகிறது. காரை விட்டு இறங்குங்கள். வந்த வழியே மேலே ஏறுங்கள். ஜீப் வருகிறது."

கீழே என் போன் நம்பர். அவ்வளவுதான்.

புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் இன்னும் பழைய பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மூடாமல் காத்திருங்கள் என்று அது சொல்லியிருக்கும், அவர்களும் காத்திருப்பார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தித் திரையைக் காப்பாற்றியது. நான் எங்கள் ஊர் மாரியம்மனைக் கூப்பிட்டேன், கூப்பிட்டதைச் சத்தமாகவே கூப்பிட்டேன்.

பக்கத்தில் அவர் திரையிடம் பேசிக்கொண்டிருந்தார். "போங்க. போயிருங்க. யம்மா, இருக்காதீங்க, போயிருங்க." போங்க என்று அவர் வாயால் யாருக்கும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புள்ளி அணைந்தது. எரிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் எரிந்தது. பிறகு அணைந்தது.

திரும்ப வரவில்லை.

படித்துவிட்டுப் போனார்களா? இல்லை, தண்ணீரோடு போனார்களா? இரண்டுக்கும் அந்தப் புள்ளி ஒரே மாதிரிதான் அணையும். என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது அடிக்கவில்லை. இவருக்குப் போட்டேன், எல்லைக்கு வெளியே என்றது. அப்படி நான் அதற்கு முன் பயந்ததில்லை. அண்ணாச்சி எழுந்து போய், மழையில் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். குடை எடுக்கவில்லை.

ஜீப் வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது அதற்குள் எத்தனை தலை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் எண்ணினார். எண்ணிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேரும் இருந்தார்கள். குழந்தையை என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டருக்குள் சுருட்டியிருந்தார்கள். அந்த மனிதருக்குப் பல் கிட்டிப் பேச்சு வர நேரமாயிற்று. வந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சாக வந்தது.

"தண்ணியப் பாத்ததீம் நிறுத்திட்டனுங்க. போலாமா வேண்டாமான்னு உங்க பக்கத்தத் தெறந்தனுங்க. பேரக் கேக்குது, ஊரக் கேக்குது, மூடுனா மூட மாட்டேங்குது. சின்ன வெரலுக்கு வருமான்னு பாப்பாகிட்டக் குடுத்தனுங்க. அவளும் அமுத்தி அமுத்திப் பாத்தா. சேதி அனுப்புனா மூடாம இருங்க, பதில் வருமுன்னுதுங்க. செரி, ஆரோ பாத்துட்டாங்கன்னு உக்காந்துட்டமுங்க. திடீருன்னு பாப்பாதாங்க எழுத்துக்கூட்டிப் படிச்சா, எறங்குங்கன்னு."

"அப்பறம்?"

"அவளத் தூக்கிட்டு ஏறுனமுங்க. போன் எங்கியோ விழுந்துருச்சு. திரும்பிப் பாத்தா கார் நின்ன எடத்துல ரோடே இல்லீங்க."

அந்தப் பெண் குழந்தை அண்ணாச்சியை உற்றுப் பார்த்து, "இந்த மாமாதான் போக விடாம நின்னுட்டே இருந்தாரு" என்றது. அது கோபத்தில் சொல்லவில்லை, அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில்தான் சொன்னது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் அவர்களை இவர் ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். அண்ணாச்சி பின்பக்கம் போகவில்லை. செருப்புகளை அவரே கொண்டுவந்து ஒவ்வொருவர் காலருகிலும் வைத்தார். கட்டன் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றதும் சரி என்றார். ஜீப் புறப்பட்டபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கேட்டில் நின்றார். வண்டி வளைவில் மறையும்வரை பார்த்தார். மறைந்த பிறகும் பார்த்தார்.

வெப்சைட் அதற்கப்புறம் வெறும் வெள்ளைப் பக்கம்தான். போன் நம்பர், பேக்டரி ரோடு வழி, அறைப் படம் நாலு. சப்பாத்தில் வராதீர்கள் என்று சிவப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நான் எழுதினேன். ஆட்கள் பார்ப்பார்கள், உடனே போன் பண்ணிவிடுவார்கள். அறை காலியாகவே இருக்காது என்கிற அளவுக்கு வந்தார்கள். ஆனால் பச்சைப் புள்ளி வந்த வேகத்தில் அணைந்துவிடும். அவர் அதைப் பார்த்து, "வந்தாங்க, போயிட்டாங்க" என்பார். சலிப்பாகச் சொல்ல மாட்டார், மெல்லச் சொல்வார். கேட்க எனக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

என் அப்பாவுக்கு முடியாமல் போனதும் நாங்கள் சித்தூருக்கே வந்துவிட்டோம். கிளம்பிய அன்று கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். இவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னலில் அந்தக் கை வந்து விழும் என்று நானும் எதிர்பார்த்தேன். அவர் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. "மழைக்கு முந்திப் போய்ச் சேருங்க" என்றார்.

இங்கே வந்த பிறகும் எப்போதாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். ஒரு வேலையும் இல்லை, சும்மா. பார்த்துவிட்டு மூடிவிடுவேன். போன் பண்ண வேண்டும் என்று நினைப்பேன், அடுப்பில் ஏதாவது பொங்கும், மறந்துவிடும்.

இந்த வருஷம் ஆடியில், வெளியே நல்ல மழை, அப்படித்தான் திறந்தேன். வெள்ளைப் பக்கம், சிவப்பு வரி, நம்பர், எல்லாம் இருந்தன. மூடுவதற்கு விரலைக் கொண்டுபோனேன். திரை முழுக்க அவர் வந்து நின்றார். கை கூப்பியிருந்தார், முன்னைவிட நரைத்திருந்தார். "போறீங்களா? கொஞ்சம் இருங்க."

அந்தச் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தது. உடனே போன் போட்டேன்.

"ஏனுங்க அண்ணாச்சி, மறுபடியும் எதுக்குங்க இதெ வெச்சீங்க?"

"பிள்ளையா?" என்றார். பின்னால் மழை இரைந்தது. "சித்தூர்ல இருந்து ஒரு புள்ளி வரும். அது நீதான்னு எனக்குத் தெரியும். வரும், போயிரும். ஒரு வார்த்த பேசாது. அதான் போட்டேன். இப்ப பேசிட்டியே."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அது எனக்கு மட்டுமாங்க வரும்? எல்லாருக்கும் வருமல்லங்க? அங்க மழை பெய்யுதுங்களா?"

"விடாமப் பெய்யுது."

"சப்பாத்து?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"எடுங்க அண்ணாச்சி. இப்பவே எடுங்க. நான் வெக்க மாட்டேன், லைன்லயே இருக்கறன். இனி நானே கூப்புடறேன். புள்ளியப் பாத்துட்டு உக்கார வேண்டாம்."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. "எடுத்துட்டேன்" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறேன். ஊர்க் கதை எல்லாம் பேசுவார். வைக்கும்போது மட்டும் அவசரமாக அவரே முதலில் வைத்துவிடுவார். ஆனாலும் மழை இரைகிற சாயங்காலங்களில், அவரிடம் சொல்லாமல், நான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். அங்கே அவர் திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும் என்று தெரியும். மூடுவதற்கு விரலைக் கொண்டுபோவேன், அந்தப் படம் மறுபடி வந்து நிற்குமோ என்று. குறுக்கே யாரும் வராமல் பக்கம் மூடிக்கொண்டால்தான் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.